எல்லாப் பிள்ளைக்கும் ஒரே தராசு: பள்ளி மாணவர்களுக்கான புரோகிராமிங் போட்டியை நேர்மையாக நடத்துவது எப்படி?

பேச்சுப் போட்டி, கட்டுரைப் போட்டி, கிராஅத் போட்டி என்று பிள்ளைகளுக்குப் போட்டி நடத்திப் பழகியவர்கள் நாம். இந்தச் சில ஆண்டுகளாகப் பள்ளிகளிலிருந்து இன்னொரு சுற்றறிக்கையும் வீட்டுக்கு வருகிறது: கோடிங் போட்டி, மூன்று பேர் கொண்ட அணி, பெயர் கொடுக்கக் கடைசி நாள் இது என்று. அதைக் கையில் வைத்துக்கொண்டு பெற்றோர் பலரும் எங்களிடம் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான். இது என்ன போட்டி? வீட்டில் லேப்டாப் இல்லாத பிள்ளை போய் என்ன செய்யும்? பெரிய பள்ளிப் பிள்ளைகள்தானே ஜெயிப்பார்கள்?

மூன்றாவது கேள்வியை எளிதாகத் தள்ளிவிட முடியாது. சரியாகத் திட்டமிடாத போட்டியில் அப்படித்தான் நடக்கும். ஒரு பிள்ளையின் சிந்தனையை அளக்க வேண்டிய போட்டி, வாப்பாவின் வருமானத்தையும் பள்ளியின் கட்டணத்தையும் அளந்துவிட்டுப் போய்விடும். வரும் கல்வியாண்டில் நம் பகுதியின் உயர்நிலை, மேல்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு இப்படியொரு போட்டி நடத்தலாமா என்று நம் அறக்கட்டளையில் ஆலோசித்து வருகிறோம். நடத்துவதென்றால் எந்த விதிகளோடு நடத்த வேண்டும், ஒவ்வொரு விதியும் ஏன் தேவை என்பதை முதலில் எல்லாக் குடும்பங்களுக்கும் விளக்கிவிடுவது நல்லது என்று கருதுகிறோம். வேறு யாராவது நடத்தும் போட்டிக்குப் பிள்ளையை அனுப்பும் பெற்றோருக்கும் இது உதவும். என்ன கேட்க வேண்டும் என்பது தெரிந்திருக்கும் அல்லவா?

இது எந்த வகைப் போட்டி?

அழகான இணையதளம் வடிவமைப்பதோ, கம்ப்யூட்டர் பற்றிய பொது அறிவு வினாடி வினாவோ இதில் இல்லை. மாணவர்களிடம் சில கணக்குகள் கொடுக்கப்படும். ஒவ்வொரு கணக்குக்கும் விடை காணும் புரோகிராம் ஒன்றை அவர்கள் எழுதித் தர வேண்டும். அந்தப் புரோகிராமுக்குள் நடுவர்கள் முன்பே தயாரித்து மறைத்து வைத்திருக்கும் பல உள்ளீடுகளைச் செலுத்திப் பார்ப்பார்கள். எல்லாவற்றுக்கும் சரியான விடை, குறித்த நேரத்துக்குள் வந்தால் மதிப்பெண். இந்தச் சோதனையைச் செய்வது மனிதர் அல்ல, அதற்கென்று இருக்கும் மென்பொருள். ஆகவே பேச்சுப் போட்டியில் வருவதுபோல "நடுவருக்கு எங்கள் பிள்ளையைப் பிடிக்கவில்லை" என்ற பேச்சுக்கு இங்கே இடம் குறைவு. ஆனால் இடமே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். மென்பொருளுக்குள் எதைப் போட்டு வைக்கிறோம் என்பதை மனிதர்கள்தான் முடிவு செய்கிறார்கள்.

உலக அளவில் இதற்கு இரண்டு முன்மாதிரிகள் உண்டு. ஒன்று, பள்ளி மாணவர்களுக்கான சர்வதேச இன்ஃபர்மேடிக்ஸ் ஒலிம்பியாட். இது 1989-இல் பல்கேரியாவின் பிராவெட்ஸ் நகரில் 13 நாடுகளோடு தொடங்கியது. ஒரு நாட்டிலிருந்து அதிகபட்சம் நான்கு மாணவர்கள் கலந்துகொள்ளலாம். இரண்டு நாட்கள், நாளுக்கு ஐந்து மணி நேரம். ஒவ்வொருவரும் தனித்தனியாகப் போட்டியிடுவார்கள். இன்னொன்று, கல்லூரி மாணவர்களுக்கான ஐசிபிசி. மூன்று பேர் ஓர் அணி, மூவருக்கும் சேர்த்து ஒரே ஒரு கம்ப்யூட்டர், ஐந்து மணி நேரம். நம் ஊர்ப் பள்ளிகளில் நடக்கும் அணிப் போட்டிகள் பெரும்பாலும் இந்த இரண்டாவது முறையைத்தான் பின்பற்றுகின்றன.

மூன்று பேருக்கு ஒரே கம்ப்யூட்டர் என்பது பணம் மிச்சப்படுத்தும் வழி மட்டுமல்ல. ஒருவர் தட்டச்சு செய்யும்போது மற்ற இருவரும் காகிதத்தில் யோசிக்க வேண்டும், ஒருவர் எழுதியதை இன்னொருவர் சரிபார்க்க வேண்டும். வேகமாகத் தட்டச்சு செய்யும் பிள்ளையும் கணக்கில் கெட்டிக்காரப் பிள்ளையும் பொறுமையாகப் பிழை கண்டுபிடிக்கும் பிள்ளையும் ஒரே அணியில் சமமாகப் பங்களிக்க முடியும். வீட்டில் கம்ப்யூட்டர் இல்லாத பிள்ளைக்கு இந்த அமைப்பில் நல்ல இடம் உண்டு. நமக்கும் வசதி: 20 அணிகள், 60 மாணவர்கள் என்றால் 20 கம்ப்யூட்டரும் உபரியாக இரண்டு மூன்றும் போதும். ஒரு பள்ளியின் கம்ப்யூட்டர் அறையே அதற்குத் தாங்கும்.

ஒரு கணக்கைப் பார்ப்போம்

விதிகள் ஏன் தேவை என்று புரிய, கணக்கு எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டும். எளிய ஒன்றை எடுத்துக்கொள்வோம்.

ஒரு நிதி திரட்டலில் பலர் பணம் கொடுத்திருக்கிறார்கள். ஒவ்வொருவரும் கொடுத்த தொகை பட்டியலாக இருக்கிறது. இரண்டு வெவ்வேறு ஆட்கள் கொடுத்த தொகைகளைக் கூட்டினால் சரியாகக் குறிப்பிட்ட ஒரு தொகை வருமா? ஆம் அல்லது இல்லை என்று சொல்ல வேண்டும்.

எல்லோருக்கும் முதலில் தோன்றும் வழி, இருவர் இருவராக எல்லா ஜோடியையும் கூட்டிப் பார்ப்பது. பட்டியலில் 1,000 பேர் என்றால் ஏறத்தாழ 5 லட்சம் ஜோடிகள். கம்ப்யூட்டருக்கு அது கண் இமைக்கும் நேரம். பட்டியலில் 1 லட்சம் பேர் என்றால் ஜோடிகள் ஏறத்தாழ 500 கோடி. விநாடிக்கு 10 கோடி ஜோடி பார்க்கிறது என்று வைத்துக்கொண்டாலும் 50 விநாடி ஆகும். நடுவர் கொடுத்த நேரம் 2 விநாடி என்றால் இந்த வழி தோற்றுவிடும்.

யோசிக்கும் பிள்ளை வேறு வழி காணும். தொகைகளைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கிக்கொள். மிகச் சிறியதையும் மிகப் பெரியதையும் கூட்டு. தேவையான தொகைக்குக் குறைவாக வந்தால் சிறியதன் பக்கம் ஓர் எண் முன்னே நகர், கூடுதலாக வந்தால் பெரியதன் பக்கம் ஓர் எண் பின்னே வா. இரண்டு பக்கமும் சந்திப்பதற்குள் விடை தெரிந்துவிடும். 1 லட்சம் எண்களை அடுக்க ஏறத்தாழ 17 லட்சம் ஒப்பீடுகள் போதும், அதன் பின் ஒரே ஒரு நடை. ஒரு விநாடிக்குள் முடிந்துவிடும்.

இந்தப் போட்டி அளப்பது இந்த இரண்டாவது யோசனையைத்தான். விலை உயர்ந்த லேப்டாப் இந்த யோசனையைத் தராது. ஒரு பிள்ளை மளிகைக் கடைக் கல்லாவில் வாப்பாவுக்கு உதவி செய்யும்போதுகூட இது தோன்றலாம்.

கணக்கு தயாரிப்பதில் நேர்மை

மேலே உள்ள கணக்கில் "இரண்டு வெவ்வேறு ஆட்கள்" என்று எழுதியிருப்பதைக் கவனியுங்கள். அந்தச் சொல் இல்லாவிட்டால் என்ன ஆகும்? தேவையான தொகை 500 ரூபாய், பட்டியலில் ஒரே ஒருவர் 250 ரூபாய் கொடுத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஓர் அணி அவரையே இரண்டு முறை கூட்டி "ஆம்" என்று சொல்லும், இன்னோர் அணி "இல்லை" என்று சொல்லும். இரண்டும் கணக்கைத் தங்களுக்குத் தோன்றியபடி சரியாகப் புரிந்துகொண்டவைதான். தோற்ற அணி தன் அறிவால் தோற்கவில்லை, நடுவரின் கவனக்குறைவால் தோற்கிறது. எனவே கணக்கை எழுதியவரைத் தவிர இன்னும் இருவராவது அதைப் புதிதாகப் படித்து, தாங்களாகவே விடை எழுதிப் பார்க்க வேண்டும். மூன்று புரோகிராம்களும் எல்லா உள்ளீடுகளுக்கும் ஒரே விடை தந்தால்தான் அந்தக் கணக்கைப் போட்டிக்கு எடுக்க வேண்டும்.

நடுவர்களின் மறைத்த உள்ளீடுகளில் சிறியது, பெரியது, ஒரே எண் திரும்பத் திரும்ப வருவது, விடை "இல்லை" என்று வருவது என்று எல்லா வகையும் இருக்க வேண்டும். மேலே சொன்ன 250 ரூபாய் போன்ற ஓர் உள்ளீடு இல்லாவிட்டால், தவறான புரோகிராமும் சரி என்று தேறிவிடும். கவனமாக எழுதிய அணிக்கு அது அநியாயம்.

கணக்குகள் புதியவையாக இருக்க வேண்டும். இணையத்தில் ஏற்கெனவே உள்ளதை எடுத்துக் கொடுத்தால், பயிற்சி வகுப்பில் அதைப் போட்டுப் பார்த்த பிள்ளை ஐந்து நிமிடத்தில் முடிப்பான். பயிற்சி வகுப்புக்குப் போக வசதியில்லாதவன் ஒரு மணி நேரம் போராடுவான்.

கடினத்துக்கும் ஓர் அளவு வேண்டும். இத்தகைய போட்டிகள் நடத்தும் அனுபவசாலிகளிடம் ஒரு பழைய இலக்கு உண்டு: ஒவ்வோர் அணியும் ஒரு கணக்காவது போட வேண்டும், ஒவ்வொரு கணக்கையும் ஓர் அணியாவது போட வேண்டும், எல்லாக் கணக்கையும் எந்த அணியும் போட்டுவிடக் கூடாது. மூன்று மணி நேரத்துக்கு ஆறு கணக்குகள் என்பது பள்ளிப் பிள்ளைகளுக்குப் பொருத்தமாக இருக்கும். முதல் கணக்கு, பள்ளிப் பாடத்தைக் கவனித்துப் படித்த எந்தப் பிள்ளைக்கும் வர வேண்டும். முதல் முறை வந்த பிள்ளை பூஜ்யத்தோடு வீடு திரும்பினால் அடுத்த முறை வரமாட்டாள்.

எந்த மொழியில் எழுதுவது?

இங்கே இரண்டு மொழிகள் இருக்கின்றன. ஒன்று கம்ப்யூட்டர் மொழி. நம் மாநிலப் பாடத்திட்டத்தில் கணினி அறிவியல் எடுத்த பிள்ளை 11-ஆம் வகுப்பில் சி பிளஸ் பிளஸ் படிக்கிறது, 12-இல் பைத்தான் படிக்கிறது. சிபிஎஸ்இ பிள்ளை இரண்டு ஆண்டும் பைத்தான் படிக்கிறது. ஒரே மொழியில்தான் எழுத வேண்டும் என்று விதி வைத்தால், எந்த மொழியைச் சொன்னாலும் ஒரு தரப்புக்கு அது தண்டனை. எனவே இரண்டையும் அனுமதிக்க வேண்டும்.

அனுமதித்தால் மட்டும் போதாது. ஒரே வழிமுறையை இரண்டிலும் எழுதினால் பைத்தான் பல மடங்கு மெதுவாக ஓடும். சி பிளஸ் பிளஸை மனத்தில் வைத்து நேரம் குறித்தால், சரியான யோசனையோடு வந்த பைத்தான் பிள்ளை "நேரம் கடந்துவிட்டது" என்ற பதிலைப் பார்த்துக் கலங்கும். இதற்கு வழி உண்டு. நடுவர்கள் ஒவ்வொரு கணக்குக்கும் பைத்தானிலும் விடை எழுத வேண்டும், போட்டிக்குப் பயன்படும் கம்ப்யூட்டரிலேயே ஓட்டிப் பார்க்க வேண்டும், அது எடுக்கும் நேரத்தைப்போல் இரண்டு மூன்று மடங்கை வரம்பாக வைக்க வேண்டும். அதே சமயம், எல்லா ஜோடியையும் கூட்டிப் பார்க்கும் மெதுவான வழி சி பிளஸ் பிளஸில் எழுதினாலும் அந்த வரம்புக்குள் தேறக் கூடாது. இரண்டும் ஒத்துவராத கணக்கை விட்டுவிட்டு வேறு கணக்கு தேட வேண்டும்.

இன்னொன்று மனித மொழி. தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைக்கு ஆங்கிலத்தில் மட்டும் கணக்கைக் கொடுத்தால், போட்டி அங்கேயே ஆங்கிலத் தேர்வாக மாறிவிடுகிறது. சர்வதேச ஒலிம்பியாடில் இதை எப்படிக் கையாள்கிறார்கள் தெரியுமா? போட்டிக்கு முந்தைய இரவு ஒவ்வொரு நாட்டின் அணித் தலைவர்களும் உட்கார்ந்து கணக்குகளைத் தங்கள் மாணவர்களின் மொழிக்கு மாற்றுகிறார்கள். மாற்றி முடித்த பின் போட்டி தொடங்கும்வரை மாணவர்களோடு அவர்களுக்குப் பேச்சு இல்லை. உலகப் போட்டியிலேயே இந்த ஏற்பாடு இருக்கும்போது நம் ஊர்ப் போட்டியில் தமிழும் ஆங்கிலமும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கமாக இருப்பது பெரிய சலுகை அல்ல, அடிப்படை உரிமை. மொழிபெயர்ப்பவரும் நடுவரைப் போலவே இரகசியம் காக்க வேண்டியவர்.

மதிப்பெண் எப்படி?

ஐசிபிசி முறையில், அதிகக் கணக்குகள் போட்ட அணி முதலிடம். எண்ணிக்கை சமமானால், போட்டி தொடங்கியதிலிருந்து ஒவ்வொரு கணக்கும் முடிந்த நிமிடங்களைக் கூட்டிப் பார்ப்பார்கள், குறைவாக எடுத்த அணி மேலே. முடித்த கணக்கில் முன்பு அனுப்பிய ஒவ்வொரு தவறான விடைக்கும் 20 நிமிடம் அபராதம். முடிக்காத கணக்கின் தவறுகளுக்கு அபராதம் இல்லை.

ஓர் உதாரணம். முதல் அணி மூன்று கணக்குகளை 20, 55, 130-ஆவது நிமிடங்களில் முடிக்கிறது. இடையில் இரண்டு தவறான விடைகள். மொத்தம் 205, அபராதம் 40, ஆக 245. இரண்டாம் அணி 30, 80, 125-ஆவது நிமிடங்களில், ஒரு தவறும் இல்லாமல் முடிக்கிறது. மொத்தம் 235. இரண்டாம் அணியே மேலே. பார்த்துப் பார்த்துச் செய்தவர்களுக்குப் பலன் கிடைக்கிறது, குத்துமதிப்பாக அனுப்பிப் பார்ப்பது நட்டம்.

ஒலிம்பியாட் முறை வேறு. ஒவ்வொரு கணக்கும் 100 மதிப்பெண். அது பகுதி பகுதியாகப் பிரிந்திருக்கும். நம் நிதி திரட்டல் கணக்கில் 1,000 பேர் வரை சரியாகச் சொன்னால் 40, ஒரு லட்சம் பேர் வரை சொன்னால் மீதி 60 என்று வைக்கலாம். முதலில் தோன்றிய எளிய வழியை எழுதிய பிள்ளைக்கும் உழைப்புக்கு ஏற்ற கூலி கிடைக்கிறது. தொடக்க நிலைப் பிள்ளைகள் அதிகம் வரும் போட்டிக்கு இந்த முறையே நல்லது என்பது எங்கள் கருத்து. சமநிலை வந்தால் யார் மேலே, அல்லது பரிசைப் பகிர்ந்து கொடுப்பதா என்பதையும் போட்டிக்கு முன்பே எழுத்தில் சொல்லிவிட வேண்டும். முடிவு வந்த பிறகு எழுதும் விதி எவ்வளவு நல்ல விதியாக இருந்தாலும் சந்தேகத்தைத்தான் வளர்க்கும்.

வகுப்பும் வாய்ப்பும்

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையையும் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளையையும் ஒரே வரிசையில் நிறுத்துவது சரியல்ல. 9, 10 ஒரு பிரிவு, 11, 12 ஒரு பிரிவு. சிறிய பிரிவுக்குக் கணக்கு எளிதாக இருக்கும், பரிசு ஒன்றாகவே இருக்கும்.

போட்டிக்கு முன் பயிற்சி நேரம் கட்டாயம். அதே அறை, அதே கம்ப்யூட்டர், அதே மென்பொருள், விளையாட்டாக இரண்டு கணக்கு. கணக்கை எப்படித் திறப்பது, விடையை எங்கே அனுப்புவது, "தவறான விடை" என்று வந்தால் அதற்கு என்ன பொருள் என்பதெல்லாம் அங்கேயே பழகிவிட வேண்டும். உலகப் போட்டியிலும் இப்படி ஒரு பயிற்சிச் சுற்று உண்டு. வீட்டில் கம்ப்யூட்டர் உள்ள பிள்ளைக்கும் இல்லாத பிள்ளைக்கும் இடையே உள்ள பயத்தின் இடைவெளியை இந்த ஒரு மணி நேரம் பெருமளவு குறைத்துவிடும்.

யாருக்கு எந்தக் கம்ப்யூட்டர் என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்ய வேண்டும். சொந்த லேப்டாப்புக்கு அனுமதி கூடாது. பார்வைக் குறைவு உள்ள பிள்ளைக்குப் பெரிய எழுத்தில் தாள், கை வலுக் குறைந்த பிள்ளைக்குக் கூடுதல் நேரம் என்பதையெல்லாம் பெயர் கொடுக்கும் படிவத்திலேயே கேட்டுவிட வேண்டும்.

நேரமும் நீதியின் ஒரு பகுதிதான். காலை 9.30-க்குத் தொடங்கி 12.30-க்கு முடித்தால் லுஹர் தொழுகைக்கு அவகாசம் கிடைக்கும், பிள்ளைகள் பகலிலேயே வீடு சேர்ந்துவிடலாம். ஜும்ஆ நாளைத் தவிர்த்துவிடலாம். வெளியூரிலிருந்து வரும் மாணவிகளோடு உம்மாவோ மூத்தவர்களோ வந்தால் உட்கார ஓர் இடமும் தேநீரும் ஏற்பாடு செய்ய வேண்டும். "பொம்பளைப் பிள்ளைய எப்படித் தனியா அனுப்புறது" என்ற ஒரே காரணத்தால் ஒரு நல்ல மூளை வீட்டில் தங்கிவிடக் கூடாது. மாணவிகளுக்கென்றே ஐரோப்பிய இன்ஃபர்மேடிக்ஸ் ஒலிம்பியாட் ஒன்று 2021 முதல் நடந்து வருகிறது. பெண் பிள்ளைகள் இந்தத் துறையில் வரவேண்டும் என்ற அக்கறை உலகம் முழுவதும் இருக்கிறது.

போட்டி அறைக்குள்

கைபேசி, ஸ்மார்ட் வாட்ச், பென் டிரைவ் எல்லாம் வாசலிலேயே உறையில் போட்டு அணி எண் எழுதி வாங்கிவைக்க வேண்டும். இணைய இணைப்பு இருக்கக் கூடாது. சாட்ஜிபிடி போன்ற செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் பள்ளி அளவிலான கணக்குகளுக்குச் சில விநாடிகளில் புரோகிராம் எழுதித் தந்துவிடும். இணையம் திறந்திருந்தால் போட்டி என்பதற்கே பொருள் இல்லை. நடுவர் மென்பொருளுக்கு இணையம் தேவையில்லை. டோம்ஜட்ஜ், சிஎம்எஸ் போன்றவை இலவசமாகக் கிடைப்பவை. அறைக்குள்ளேயே ஒரு கம்ப்யூட்டரில் நிறுவி, மற்றவற்றை அதனோடு கம்பியால் இணைத்துவிட்டால் போதும். குறிப்புத் தாள்களை அனுமதிப்பதானால் எல்லா அணிக்கும் ஒரே பக்க அளவு.

ஆசிரியரும் பயிற்சியாளரும் பெற்றோரும் அறைக்கு வெளியே. கணக்கில் சந்தேகம் வந்தால் மாணவர் எழுத்தில் கேட்க வேண்டும், நடுவர் எழுத்தில் பதில் சொல்ல வேண்டும். பொதுவான விளக்கம் என்றால் அந்தப் பதில் எல்லா அணியின் திரையிலும் ஒரே நேரத்தில் தெரிய வேண்டும். நடுவர் ஒருவர் ஓர் அணியின் பக்கத்தில் குனிந்து காதோடு சொல்வது, எவ்வளவு நல்லெண்ணத்தோடு செய்தாலும் பார்ப்பவர் மனத்தில் முள்ளாகத் தைக்கும்.

மின்சாரம் போனால்? மொத்த அறைக்கும் போனால் கடிகாரத்தை எல்லோருக்கும் நிறுத்திவிட்டு, வந்த பின் தொடங்க வேண்டும். ஒரே ஒரு கம்ப்யூட்டர் பழுதானால் அந்த அணியை உபரிக் கம்ப்யூட்டருக்கு மாற்றி, இழந்த நிமிடங்களைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். நடுவரின் உள்ளீட்டில் பிழை என்று நடுவில் தெரிந்தால், அதைத் திருத்தி, அந்தக் கணக்குக்கு எல்லா அணிகளும் அனுப்பிய விடைகளையும் மீண்டும் சோதித்து, நடந்ததை உடனே அறிவிக்க வேண்டும். மூடி மறைத்தால் அது எப்படியும் வெளியே வரும்.

இரு அணிகளின் புரோகிராம்கள் அச்சாக ஒன்றாக இருந்தால் உடனே திருட்டு என்று முடிவு கட்டக் கூடாது. எளிய கணக்குக்கு எல்லோரும் ஒரே மாதிரி எழுதுவது இயல்பு. இரு அணிகளையும் தனித்தனியே அழைத்து, "இந்த வரி ஏன் எழுதினீர்கள்?" என்று மென்மையாகக் கேட்டால் போதும். தானே எழுதியவர் சொல்லிவிடுவார். ஒரு பிள்ளையை எல்லோர் முன்னும் திருடன் என்று சொல்வது அந்தப் பிள்ளையின் வாழ்நாள் முழுதும் நிற்கும் காயம். ஆதாரம் இல்லாமல் அதைச் செய்யும் உரிமை யாருக்கும் இல்லை.

சொந்தமும் பந்தமும்

சிறிய ஊர், எல்லோரும் ஒருவருக்கொருவர் உறவு. அறக்கட்டளை நிர்வாகியின் பேரனும் போட்டிக்கு வரலாம், நன்கொடை கொடுத்தவரின் மகளும் வரலாம். அவர்கள் வரக் கூடாது என்று சொல்வது நியாயமல்ல. ஆனால் அவர்கள் வென்றால் "அவங்க வீட்டுப் பிள்ளைதானே" என்று யாரும் சொல்ல முடியாதபடி ஏற்பாடு இருக்க வேண்டும். பங்கேற்கும் பிள்ளைக்கு உறவினரோ ஆசிரியரோ ஆனவர் கணக்குகளைத் தயாரிக்கவோ முன்கூட்டிப் பார்க்கவோ கூடாது. முடிந்தால் வெளியூர்க் கல்லூரி ஆசிரியர்களையும் மென்பொருள் துறையில் வேலை செய்யும் நம் இளைஞர்களையும் நடுவராக அழைக்கலாம். அவர்கள் ஒவ்வொருவரும் தமக்கு எந்த அணியோடும் தொடர்பில்லை என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். நடுவர்களின் திரையில் பெயரோ பள்ளியோ தெரியக் கூடாது, அணி எண் மட்டுமே. போட்டிக் கணக்குகள் ஓர் அமானிதம். அவற்றைத் தெரிந்தவர்களின் எண்ணிக்கை எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது.

முடிவு அறிவித்த பின் அரை மணி நேரம் மேல்முறையீட்டுக்கு. எழுத்தில் கொடுத்தால் மூன்று பேர் குழு பார்த்து, காரணத்தோடு எழுத்தில் பதில் தர வேண்டும். அதன் பிறகே பரிசளிப்பு.

பணமும் பரிசும்

பங்கேற்பவர்களிடம் கட்டணம் வாங்கி, அதையே திரட்டி வென்றவருக்குப் பரிசாகக் கொடுப்பது சூதாட்டத்தின் சாயலுடையது என்று ஆலிம்கள் எச்சரிப்பதை நாம் அறிவோம். அதோடு கட்டணம் என்று வைத்தாலே ஏழைப் பிள்ளை பின்வாங்கிவிடும். ஆகவே கட்டணமே வேண்டாம். பரிசும் செலவும் அதற்கென்றே மனமுவந்து கொடுப்பவர்களின் நன்கொடையிலிருந்து வரட்டும். ஜகாத் நிதி அதற்கு உரியவர்களுக்கே உரியது, போட்டிச் செலவுக்கு அதிலிருந்து ஒரு ரூபாயும் எடுக்கக் கூடாது. வரவு செலவை இந்த இதழிலேயே வெளியிட வேண்டும்.

பரிசுத் தொகை பெரிதாகப் பெரிதாக ஏமாற்றும் ஆசையும் பெரிதாகும். எனவே மிதமான பரிசு, வந்த எல்லோருக்கும் சான்றிதழ், போட்டி முடிந்ததும் எல்லாக் கணக்குகளுக்கும் விடை விளக்கும் ஒரு மணி நேர வகுப்பு என்று வைக்கலாம். தோற்ற பிள்ளையும் எதையாவது கற்றுக்கொண்டு வீடு போக வேண்டும். அந்த வகுப்பு இல்லாத போட்டி பாதிப் போட்டிதான்.

இந்த வழி எங்கே போகிறது?

இது ஒரு நாள் விழாவோடு முடியும் விஷயம் அல்ல. இந்தியாவில் பள்ளி மாணவர்களுக்கு மண்டல அளவில் இன்ஃபர்மேடிக்ஸ் ஒலிம்பியாட் நடக்கிறது. அதன் ஒரு தேர்வு முழுக்கக் காகிதமும் பேனாவும்தான், புரோகிராமிங் தெரியாத பிள்ளையும் யோசிக்கும் திறனை மட்டும் வைத்து எழுதலாம். அதில் தேறினால் தேசிய அளவிலான போட்டி, பயிற்சி முகாம், பிறகு சர்வதேச ஒலிம்பியாடுக்கான அணி. சென்னைக்கு அருகே சிறுசேரியில் உள்ள சென்னை கணிதக் கழகத்தின் பேராசிரியர்கள் இந்தப் பணியில் பல ஆண்டுகளாக ஈடுபட்டிருக்கிறார்கள். இன்னும் சிறிய பிள்ளைகளுக்கு, லித்துவேனியாவில் 2004-இல் தொடங்கிப் பல நாடுகளுக்குப் பரவிய பெப்ராஸ் என்ற சிந்தனைப் போட்டியும் உண்டு. அதற்கும் புரோகிராமிங் தேவையில்லை. பயிற்சிக்கு சிஎஸ்இஎஸ், கோட்செஃப் போன்ற தளங்களில் ஏராளமான கணக்குகள் இலவசமாகக் கிடைக்கின்றன.

பெற்றோருக்கு எங்கள் வேண்டுகோள் சில. பிள்ளையை எந்தப் போட்டிக்கு அனுப்பினாலும் விதிகளை எழுத்தில் கேளுங்கள்: எந்தெந்த கம்ப்யூட்டர் மொழிகளுக்கு அனுமதி உண்டு, கணக்கு தமிழில் இருக்குமா, பயிற்சிச் சுற்று உண்டா, நடுவர்கள் யார், மேல்முறையீடு உண்டா, கட்டணம் எதற்கு. இப்படிக் கேட்பது குறை சொல்வதாகாது. நேர்மையாக நடத்துபவர் இந்தக் கேள்விகளை வரவேற்பார். பிள்ளைக்காக வீட்டில் நீங்களே புரோகிராம் எழுதித் தராதீர்கள், யாரிடமாவது எழுதி வாங்கியும் தராதீர்கள். தோற்று வந்தால் "ஏன் தோற்றாய்" என்பதற்கு முன் "எந்தக் கணக்கு, எப்படி யோசித்தாய்" என்று கேளுங்கள்.

நம் போட்டிக்கான வரைவு விதிகளை இன்ஷா அல்லாஹ் மஹல்லாவின் அறிவிப்புப் பலகையில் ஒட்டிவைப்போம். திருத்தம் சொல்ல விரும்புபவர்கள் அலுவலகத்தில் எழுதிக் கொடுக்கலாம், மாணவர்களும் கொடுக்கலாம். மென்பொருள் துறையில் இருக்கும் சகோதர சகோதரிகள் ஒரு விடுமுறை நாளைக் கணக்கு தயாரிக்கவோ சோதித்துப் பார்க்கவோ ஒதுக்கித் தந்தால் பெரும் உதவியாக இருக்கும். வீட்டில் பயன்படாமல் இருக்கும் நல்ல நிலையிலுள்ள லேப்டாப்பைப் பயிற்சிக்காகக் கடனாகத் தர முடிந்தவர்களும் தெரிவிக்கலாம். விதிகள் முடிவான பிறகே தேதியை அறிவிப்போம்.